அவசரமில்லாத வேலை

பழைய உழவு மெசினுக்குப் பிறேக் போடுவது பெரிய வேலை இல்லை. பொறுமையும் ஒரு நல்ல ஜாக்கியும் இருந்தால் எவரும் வீட்டு முற்றத்திலேயே செய்யலாம். பின்சில்லுகளைக் கழற்றி, உள்ளே இருக்கும் டிறம்மை இழுத்தெடுத்து, தேய்ந்த லைனிங்கை மாற்றித் திரும்பப் பூட்டவேண்டும். நான் சங்கக்கடையில் மனேச்சராக இருந்தவன், பேனை பிடித்த கை. என்னாலேயே முடிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

யாராவது கேட்டால் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். காவல்துறையில் இருந்து ஒரு பொடியன் வந்தான். வாய்க்காலையும் மெசினையும் சுற்றிப் பார்த்தான். பிறகு என்னிடம் வந்து, "ஐயா, காலமை ஏதும் சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டான். வேறொன்றும் கேட்கவில்லை. அடுத்த ஆடியும் வந்துவிட்டது. இன்னும் ஒருவரும் கேட்கவில்லை. ஆகையால் நானே எழுதுகிறேன்.

மெசின் என்னுடையது இல்லை. தண்ணீரூற்று மீராசாகிபுவின் வாப்பா அறுபதுகளில் வாங்கிய சிவப்பு டிறக்டர் அது. முத்தையன்கட்டுக் குளத்தின் கீழே அவருடைய வயலும் என்னுடைய வயலும் ஒரே வரம்பில் இருந்தன. தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் முஸ்லிம் சனங்களை வெளியேறச் சொன்னபோது, அவர் அதை என் வளவுக்கு ஓட்டிவந்து வேலிக்கரையில் நிறுத்தினார். திறப்பை என் கையில் வைத்தார். அண்ணன் என்ற முறையில் அவரை நானா என்றுதான் நான் கூப்பிடுவது.

"இதை மடியில வைச்சுக்கொண்டு போக ஏலாது, தில்லையண்ணை. நான் வருமட்டும் உங்களிட்ட நிக்கட்டும்."

"வருவியள் தானே, நானா?"

"வராமல்? எண்ணெய் மாத்த மறந்திடாதீங்கோ."

நான் மறக்கவில்லை. அந்த மெசினை நான் பார்த்ததுபோல அதன் சொந்தக்காரனும் பார்த்திருக்கமாட்டார். இதை அவரே பிறகு பலருக்குச் சொன்னார். தொண்ணூற்றெட்டில் ஒட்டுசுட்டானை விட்டு எல்லோரும் ஓடியபோது, என் மனைவி கமலாட்சியையும் மகள் ராஜினியையும் பின்னால் கொழுவும் இழுவைப் பெட்டியில் ஏற்றி அந்த மெசினில்தான் இழுத்துக்கொண்டு போனேன். கமலாட்சியை மலேரியா கொண்டுபோனது. ராஜினி தண்ணீர் அள்ளப் போன இடத்தில் செல் விழுந்து வெடித்தது. ஊருக்குத் திரும்பும்போது பெட்டியில் ஒரு அடுப்பும் இரண்டு பாயும்தான் வந்தன.

பிறேக் அதற்கு முதலே போய்விட்டது. பொருளாதாரத் தடைக்காலத்தில் லைனிங் எதுவும் வன்னிக்குள் வராது. நாங்கள் எல்லோரும் பிறேக் இல்லாமல்தான் ஓடினோம். சரிவு வந்தால் முதலாம் கியரில் ஊர்ந்து இறங்குவோம். நிறுத்தவேண்டும் என்றால் பின்னால் இருக்கும் கலப்பையை நிலத்தில் இறக்குவோம். அது மண்ணைக் கிழித்துக்கொண்டு போய் நிற்கும். எங்கள் பக்கத்துத் தெருக்களில் அந்தக் கீறல்களைக் காணாத இடமில்லை. என் வளவு குளக்கட்டோடு சேர்ந்த மேட்டில் இருக்கிறது. வாசலில் இருந்து பாதை ஒரே சரிவாக இறங்கி, கீழே வாய்க்கால் மதகடியில் திரும்பும். அந்தச் சரிவில் நான் ஒருநாளும் முதலாம் கியரை விட்டு இறங்கியதில்லை. இதை நினைவில் வைத்திருங்கள்.

சண்டை நின்று வன்னிக்குப் பாதை திறந்து மறு வருசம், சித்திரை வெயிலில், மீராசாகிபு பஸ்ஸில் வந்து இறங்கி என் வாசலுக்கு நடந்து வந்தார். தாடி முழுக்க வெள்ளை. கையில் ஒரு உரப்பை. அதற்குள் கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கிய புது லைனிங், ஆணிகள், ஸ்பிரிங்குகள். மற்றக் கையில் ஒரு மைலோ ரின். அதற்குள் அவருடைய மனைவி றாபியா, அவர்கள் அகதியாய் இருந்த புத்தளத்தில் இருந்து கொடுத்துவிட்ட மாசிச் சம்பல். அவர் என்னைப் பார்ப்பதற்கு முதல் மெசினைத்தான் பார்த்தார். போய் அதன் மூக்கில் கையை வைத்தார். பிறகு திரும்பி என்னைக் கட்டிப்பிடித்தார். கடைசியாக என்னை ஒரு ஆள் தொட்டது ராஜினியின் செத்தவீட்டில்.

தண்ணீரூற்றுக்குப் பக்கத்தில் நீராவிப்பிட்டியில் அவருடைய வளவு காடாகக் கிடந்தது. அதை வெட்டி, ஒரு சின்ன வீடு போட்டு, மாரி தொடங்க முதல் றாபியாவையும் பிள்ளைகளையும் கூட்டிவரவேண்டும். கல்லும் மண்ணும் ஏற்ற மெசின் வேண்டும். மெசினைத் தெருவில் கொண்டுபோகப் பிறேக் வேண்டும். "ஒரு கிழமை வேலை," என்றார்.

பிறேக் பிடிக்கத் தொடங்கும் நாள்தான் அவர் போகும் நாள் என்பது எனக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது.

அந்தக் காலத்தை எப்படிச் சொல்வது? காலமை எழும்பினால் முற்றத்தில் ஒருவர் இருமுவார். கேத்திலில் இரண்டு பேருக்குத் தண்ணீர் வைப்பேன். அவர் பாலை மரத்துக்குக் கீழே தொழுவார். அதற்குக் கமலாட்சியின் பாயைக் கொடுத்தேன். அது கிடந்து உக்காமல் யாருக்காவது பயன்படட்டும் என்று. கோழி என்றால் அவரே அறுப்பார், நான் சமைப்பேன். வெள்ளிக்கிழமை நான் மச்சம் சாப்பிடமாட்டேன் என்பதால் அவரும் சாப்பிடமாட்டார். "உங்கட சாமிக்கு நானும் பயப்பிட வேண்டிக்கிடக்கு," என்பார். பொழுதுபட இருவரும் கதிரைகளை வாசலில் போட்டுக்கொண்டு இருப்போம். கதைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒருவர் பக்கத்தில் மூச்சு விடுவது கேட்கும்.

எனவே வேலையைக் கொஞ்சம் ஆறுதலாகச் செய்தேன். டிறம் இறுகிப்போயிருந்தது, அதற்கு இரண்டு நாள் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தேன். அரை நாள் போதும். லைனிங்கை ஆணி அடித்துப் பூட்டியபின், சரியாக உட்காரவில்லை என்று சொல்லி ஆணிகளைத் தட்டிக் கழற்றினேன். அச்சுக்குள்ளால் எண்ணெய் கசிகிறது, சீல் மாற்றவேண்டும் என்றேன். அது உண்மையிலேயே கொஞ்சம் கசிந்தது. பிறகு ஒருநாள் அவர் குளிக்கப் போன நேரம் ஸ்பிரிங் ஒன்றை எடுத்துக் கிணற்றுக்குள் போட்டேன்.

"ஸ்பிரிங் ஒண்டைக் காணேல்லை, நானா," என்றேன்.

அவர் முழங்காலில் நின்று மண்ணைக் கையால் அரித்துத் தேடினார். நானும் கூடத் தேடினேன். பிறகு அவர் நிமிர்ந்து சிரித்தார். அவருக்கு ஒரு சிரிப்பு உண்டு, தொடங்கும்போது சத்தமே வராது, தோள்தான் குலுங்கும்.

"பதின்மூண்டு வருசம் பொறுத்தனான், ஒரு ஸ்பிரிங்குக்குப் பொறுக்கமாட்டனே? வவுனியாவுக்குப் போற ஆக்களிட்டச் சொல்லிவிடுவம். அவசரம் இல்லை."

மாடு சாய்த்துக்கொண்டு அந்தப் பக்கத்தால் போகும் வீரகத்திக்கு எங்களைக் கண்டால் பகிடி. ஒருநாள் வேலியில் தடியை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"என்ன தில்லையர், பிறேக் போடுறியளோ, கோயில் கட்டுறியளோ?"

"கோயிலெண்டா இவ்வளவுக்கும் கும்பாபிசேகம் முடிஞ்சிருக்கும், தம்பி," என்றார் மீராசாகிபு.

"பள்ளிவாசலெண்டா?"

"அது அவசரப்பட்டுக் கட்டுற விசயமில்லை. அதுக்கும் இந்த மேசனைத்தான் பிடிக்கவேணும்."

மூவரும் சிரித்தோம். நான் சிரித்ததை வீரகத்தி கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பழகாத ஒன்றைப் பார்ப்பதுபோல.

ஆடி மாதம் றாபியாவிடம் இருந்து ஆள்மூலம் செய்தி வந்தது. திரும்பிவரும் சனங்களோடு சேர்ந்து தானும் ஆவணியில் வெளிக்கிடுவதாகவும், கூரை போட்டாயிற்றா என்று கேட்டும். கூரை போடுவதற்கு இன்னும் சுவரே எழும்பவில்லை. மீராசாகிபு அன்றைக்குத் தானே ஜாக்கியின் கீழே புகுந்தார். அவருடைய கை என்னுடையதைவிட வேகமானது. வவுனியாவில் இருந்து ஸ்பிரிங்கும் வந்துவிட்டிருந்தது. இரண்டு நாளில் எல்லாம் பூட்டியாயிற்று.

அவர் என்னையும் வரச் சொன்னார். இதை மறைக்கத் தேவையில்லை.

"நீங்கள் இஞ்ச தனிய இருந்து என்ன செய்யப்போறியள்? ரண்டு அறை போடுறன். ஒண்டு உங்களுக்கு. வாங்கோ."

இப்படிச் சொல்வது மரியாதை. பிள்ளை குட்டியோடு வாழப்போகிற மனிசனின் வீட்டில் மூன்றாம் ஆள் போய்க் குந்தியிருப்பதா? நான் வயலைச் சாட்டுச் சொன்னேன். அவர் மறுநாளும் கேட்டார். போவதற்கு முதல்நாளும் கேட்டார். அதுவும் மரியாதைதான் என்று எடுத்துக்கொண்டேன்.

பிறேக்கைப் பற்றி இன்னும் ஒரு விசயம் சொல்லவேண்டும். இந்த மெசினுக்கு மிதிகட்டை இரண்டு. வலது மிதி வலது சில்லைப் பிடிக்கும், இடது மிதி இடது சில்லை. வயலுக்குள் வரம்போடு திருப்பும்போது ஒன்றை மட்டும் மிதித்தால், மெசின் அந்தச் சில்லில் நின்ற இடத்திலேயே சுழலும். தெருவில் ஓடும் வேகத்தில் அப்படிச் செய்தால் ஆளைக் கவிழ்த்துவிடும். அதனால் தெருவுக்கு ஏறும்போது இரண்டு மிதியையும் ஒரு கொண்டியால் சேர்த்துப் பூட்டிவிடவேண்டும். வயலில் இருந்து வந்த அலுப்பில் கொண்டி போட மறந்து விழுந்து எழும்பியவர்கள் எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஒருவராவது இருப்பார்கள்.

கொண்டி போட்டிருந்தாலும், இரண்டு பக்கமும் ஒரே அளவுக்குப் பிடிக்கவேண்டும். அதுதான் இந்த வேலையின் உயிர். பின்சில்லு இரண்டையும் தூக்கி, கொண்டியைப் போட்டு, ஒருவர் மிதிக்க மற்றவர் சில்லைக் கையால் சுற்றிப் பார்க்கவேண்டும். மீராசாகிபு மிதித்தார், நான் சுற்றினேன். இரண்டும் அசையவில்லை. "கல்லுமாதிரி நிக்குது," என்றேன். அவர் இருக்கையில் இருந்தபடியே அல்லாவுக்கு நன்றி சொன்னார். பிறகு எனக்கும் சொன்னார்.

அவர் போகும் அன்றைக்கு வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. ராஜினிக்கென்று கட்டிய அறையின் கூரை பாதி விழுந்தபடி நின்றது. அந்த ஓடுகளை இறக்கி, முதிரைக் கதவு நிலைகளையும் கழற்றி, முதல்நாளே பெட்டியில் ஏற்றி வைத்திருந்தோம். பெட்டி நிறைந்து போயிற்று. வீரகத்தி வந்து பார்த்துவிட்டு, "கூடப்பிறந்ததுகூட இப்பிடிக் குடுக்காது," என்றான்.

விடியப்புறம் அவர் பாலைக்குக் கீழே தொழுதுகொண்டிருந்தார். நான் மெசினுக்குக் கீழே போனேன். சில்லுக்குப் பின்னால் உள்ள தகட்டில் ஒரு சின்ன வெட்டு உண்டு. அதற்குள்ளால் ஸ்குறூட்றைவரை விட்டு ஒரு பல்லுச்சில்லைத் திருப்பினால் பிறேக் இறுகும், மற்றப் பக்கம் திருப்பினால் தளரும். வலது பக்கத்தை நன்றாகத் தளர்த்திவிட்டேன். இனி மிதித்தால் இடது பக்கம் முதலில் பிடிக்கும். பிடித்தவுடன் மிதிகட்டை அந்த இடத்திலேயே நின்றுவிடும். வலது பக்கத்துக்கு எட்டாது. அவர் சலாம் சொல்லி எழும்ப முதல் நான் கையைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள் நின்றேன்.

என்ன நினைத்துச் செய்தேன் என்றால், மதகடித் திருப்பத்தில் மெசின் கொஞ்சம் இடது பக்கம் இழுத்து வாய்க்கால் கரையில் மூக்கைக் குத்தும். வாய்க்கால் ஆழமில்லை. அவர் என்னை ஏசிக்கொண்டு ஏறி வருவார். முன் அச்சு வளைந்திருக்கும். அது மாரி முடியும்வரை செல்லும் வேலை.

"புது லைனிங், நானா. சும்மா சும்மா மிதியாதீங்கோ. கீழ திருப்பத்தில மிதிச்சால் காணும்."

"நீங்கள் போட்ட பிறேக். கண்ணை மூடிக்கொண்டு போவன்."

கொண்டியை நானே குனிந்து போட்டேன். அவர் ஏறி இருந்து, தோளைக் குலுக்கிச் சிரித்து, ஒரு கையைத் தூக்கினார். நான் போய்க் கேத்திலை அடுப்பில் வைத்தேன், இரண்டு பேருக்கு.

அவரும் எங்களைப்போல முதலாம் கியரில் இறங்குவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் புத்தளத்தில் பிறேக் உள்ள வாகனங்களோடு இருந்துவிட்டு வந்தவர். நான் கல்லுமாதிரி நிற்கும் என்று சொன்னதை நம்பிவிட்டார். கியர் மாறுகிற சத்தம் எனக்குக் கேட்டது. பாரம் இல்லாமல் ஊர்ந்துபோகும் மெசின் என்றால் ஒரு பக்கம் இழுத்தாலும் ஆளைத் திருப்பும், அவ்வளவுதான். பெட்டியில் பாரம் இருந்தால் அது பின்னால் இருந்து தள்ளும். தள்ளிக் கவிழ்க்கும். இதுவும் எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தது என்பதை அன்றைக்கு நான் நினைக்கவில்லை.

சத்தம் கேட்டது. பிறகு ஓடுகள் ஒவ்வொன்றாக விழும் சத்தம் கொஞ்சநேரம் கேட்டது. அவர் ஏறி வருவார் என்று பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் கொதித்ததும் கேத்திலை இறக்கி வைத்துவிட்டுப் போனேன்.

மெசின் வாய்க்காலுக்குள் பக்கவாட்டில் கிடந்தது. அவர் அதன் சில்லுக்கு மேலுள்ள மட்காட்டுத் தகட்டுக்குக் கீழே, இடுப்பு வரைக்கும் அகப்பட்டு, தலையைக் கரையில் வைத்துக் கிடந்தார். முகத்தில் ஒரு காயமும் இல்லை.

"தில்லையண்ணை, ஆக்களைக் கூப்பிடுங்கோ."

வீரகத்தியின் மாட்டுப்பட்டி கூப்பிடுதூரத்துக்குக் கொஞ்சம் அப்பால்தான். ஓடிப்போனால் நாலு பேர் வந்திருப்பார்கள். ஒரு மரத்தை நெம்புகோலாகக் கொடுத்துத் தூக்கியிருக்கலாம். முள்ளியவளையில் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் நான் போனால் அவர் அந்த இடத்தில் தனியே கிடக்கவேண்டும். அது சரியாகப் படவில்லை. தனியே கிடப்பது என்றால் என்ன என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அவருடைய தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு இருந்தேன்.

"ரண்டு மிதியும் மிதிச்சனான், அண்ணை," என்றார். "ஏன் இழுத்தது?"

"பேசாமல் இருங்கோ நானா, களைக்கும்."

அவர் றாபியாவைப் பற்றிச் சொன்னார். வீட்டுக்கு எந்தப் பக்கம் வாசல் வைப்பது என்று சொன்னார். பிறகு தண்ணீர் கேட்டார். வாய்க்காலில் அள்ளிக் கொடுத்தேன். மிதிகட்டை இரண்டும் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. யாரும் வந்து பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று ஒரு யோசனை வந்தது. கையை நீட்டிக் கொண்டியைக் கழற்றிவிட்டேன். அப்போதும் அவர் கதைத்துக்கொண்டுதான் இருந்தார். கொண்டி கழன்ற சத்தத்துக்குக் கண்ணைத் திருப்பி அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. வீரகத்தி மாடுகளோடு அந்தப் பக்கம் வந்தபோது வெயில் ஏறிவிட்டது. மடி மட்டும்தான் குளிர்ந்திருந்தது.

"ஐயோ, கொண்டி போடாமல் இறங்கியிட்டார் மனிசன்," என்று வீரகத்திதான் முதலில் சொன்னான். வந்த எல்லோரும் அதையே சொன்னார்கள். புத்தளத்துக்குப் போய் எங்கள் பழக்கம் விட்டுப்போயிற்று என்றார்கள்.

தண்ணீரூற்றில் அடக்கம் செய்தார்கள். றாபியா வந்தா. அவாவின் முன்னால் போய் நிற்க எனக்குக் கால் வரவில்லை. அவாவே ஆள் அனுப்பிக் கூப்பிட்டா.

"கடைசி மட்டும் மடியில வைச்சிருந்தீங்களாம் அண்ணன். அவர் தனிய போகேல்லை. எனக்கு அது காணும்."

அதைத்தான் நானும் எனக்குச் சொல்லிக்கொண்டு வருகிறேன். வேண்டுமானால் நீங்கள் இதைக் கொலை என்று எழுதிக்கொள்ளலாம். பிறேக்கைத் தளர்த்தியது நான். பாரம் ஏற்றியது நான். ஆட்களைக் கூப்பிடாதது நான். கொண்டியைக் கழற்றியதும் நான்தான். ஆனால் அந்த மனிசன் சாகவேண்டும் என்று நான் ஒருபொழுதும் நினைக்கவில்லை. அவர் போகாமல் இருக்கவேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன்.

மெசினை வாய்க்காலில் இருந்து இழுத்தெடுத்து என் வளவிலேயே விட்டார்கள். முன் அச்சை நானே நிமிர்த்தினேன். போன கிழமை மீராசாகிபுவின் மூத்த மகன் றஸ்மி வந்திருக்கிறான். இடம்பெயர்ந்து போகும்போது பள்ளிக்கூடப் பிள்ளை, இப்போது மீசை வைத்த ஆள். வாப்பா கட்ட நினைத்த வீட்டைக் கட்டிமுடிக்கவேண்டும், மெசினைக் கொண்டுபோகவேண்டும் என்றான். பிறேக்கைத் திருப்பிப் பார்க்காமல் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "நீங்கள் பார்த்தால்தான் மாமா எனக்கும் நம்பிக்கை," என்றான். காலமை பாலைக்குக் கீழே தொழுகிறான், அதே பாயில். சிரிக்கும்போது முதலில் தோள்தான் குலுங்குகிறது.

நேற்று வலது பக்க டிறம்மைக் கழற்றினோம். ஸ்பிரிங் ஒன்றைக் காணவில்லை என்று சொன்னேன். அவன் முழங்காலில் நின்று கொஞ்சநேரம் தேடினான்.

"விடுங்கோ மாமா. வவுனியாவில எடுப்பம். எனக்கு அவசரம் இல்லை," என்றான்.

நல்ல பிள்ளை. போகும்போது இவனையும் வெறுங்கையோடு அனுப்ப ஏலாது. குசினிப் பக்கத்துக் கூரையில் இன்னும் நல்ல ஓடுகள் இருக்கின்றன. ஆனால் இந்த முறை பெட்டியில் அவ்வளவு பாரம் ஏற்றமாட்டேன்.